நெய் கக்கும் நேரம்

"எட்டி நில்லுங்க தம்பி, தெறிக்கும்!" என்கிறார் சரக்கு மாஸ்டர். எட்டி நிற்க மனம் வந்தால்தானே! திருநெல்வேலி டவுனில் ஓர் அல்வாக் கடையின் பின்கட்டு இது. முன்பக்கம் கூட்டத்தில் முண்டியடித்து வாங்கித் தின்றே பழகியவனுக்கு அடுப்படிக் கதவைத் திறந்துவிட்டால் கால் தரையில் நிற்குமா?

முதலில் கண்ணில் பட்டது அல்வா அல்ல, பால். மாட்டுப்பால் இல்லை, கோதுமைப்பால். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து எடுக்கிறார்கள். ஒருமுறை பிழிந்தால் விடுவதில்லை. சக்கையில் தண்ணீர் விட்டு மறுபடி அரைத்து மறுபடியும் பிழிகிறார்கள். கோதுமையின் பசைப்புரதம் பெரும்பாலும் அந்தச் சக்கையோடு நின்றுவிடுகிறது, மாவுச்சத்து மட்டும் பாலில் இறங்குகிறது. நெல்லை அல்வாவின் கண்ணாடிப் பளபளப்புக்கு வேர் இங்கேதான் என்று தெரிந்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. பாலைத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டால் அடியில் கெட்டியாக வெண்மை தங்கும்.

அப்புறம் அடுப்பு. சீனியில் ஒரு பங்கைத் தனியே காய்ச்சிச் சிவக்க விடுகிறார்கள். நிறம் அதிலிருந்துதான் வருகிறது, பொடி எதுவும் போடுவதில்லை. 160 டிகிரியைத் தாண்டினால்தான் சீனி சிவக்கத் தொடங்கும். கொஞ்சம் அசந்தால் கசந்துவிடும். மாஸ்டர் கையில் வெப்பமானி கிடையாது. மூக்கு இருக்கிறது!

பால் சட்டியில் விழுந்ததும் துடுப்பு சுழலத் தொடங்குகிறது, பிறகு நிற்பதே இல்லை. நீர்த்துக் கிடந்தது கஞ்சியாகி, கஞ்சி களியாகி, களி இழுவையாகிறது. கோதுமை மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டியே நீரைக் குடித்து உப்பத் தொடங்கிவிடும். ஆனால் அது வெறும் தொடக்கம். மீதிச் சீனியும் நெய்யும் சேரச் சேரத்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. கரண்டி கரண்டியாக நெய் போகிறது. போன தடமே தெரியவில்லை. இன்னும் ஊற்றுகிறார், அதையும் விழுங்கிவிடுகிறது. "போதாதா அண்ணாச்சி?" என்று கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். "குடிச்சதெல்லாம் திருப்பிக் குடுக்கும், பாத்துக்கிட்டே இருங்க."

குடுத்ததே! சட்டியின் ஓரத்தில் ஒரு மினுமினுப்பு தெரிந்தது, பிறகு ஒரு வளையம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனை நெய்யும் கசிந்து விளிம்பைச் சுற்றி நின்றது. துடுப்பில் ஒட்டிக் கிடந்தது மொத்தமாகக் கழன்று, ஒரே பந்தாக உருண்டது. நெய் கக்குது என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதைத்தான். முன்னாலேயே இறக்கினால் பல்லில் ஒட்டும், தாமதித்தால் ரப்பர். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மணிக்கணக்கில் கிண்டியிருக்கிறார்கள். சாக்லேட்டும் கேக்கும் தெருவுக்குத் தெரு வந்த பிறகும் அல்வாவுக்கு மவுசு குறையாததற்கு, என்னைக் கேட்டால், இந்த நேரத்தைக் கண்டுபிடிக்கும் கைகள்தான் காரணம். தாமிரபரணித் தண்ணீர் என்பார்கள் ஊர்க்காரர்கள். அந்த நம்பிக்கையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ராஜஸ்தானிலிருந்து வந்து நெல்லையில் குடியேறிய சிங் குடும்பத்தார் நடத்தும் இருட்டுக்கடைக்கு முன்னால், நெல்லையப்பர் கோயில் எதிரே, சாயங்காலம் திரளும் கூட்டத்தைப் பார்த்தால், தண்ணீரோடு கையையும் சேர்த்துக் கும்பிடத் தோன்றும்.

இத்தனை சீனியும் நெய்யும் சேர்வதால் ஃபிரிட்ஜ் இல்லாமலே பல நாள் தாங்கும். ரயிலேறி வெளியூர் போவதற்கும் அதுதான் தைரியம். ஆனாலும் சூடாக, இலைத் துண்டில் வைத்து, நெய் விரலில் வழிய அங்கேயே நின்று தின்பதற்கு ஈடு கிடையாது. மெல்ல வேண்டாம், நாக்கில் வைத்தால் தானாகத் தொண்டைக்குள் வழுக்கிப் போகும். இனிப்பு திகட்டும்முன் கொஞ்சம் மிக்சரை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு நூறு கிராமுக்குக் கை நீட்டிவிடலாம்.