குளிர்காலக் கடன்: கேட்டால்தான் கிடைக்கும் உதவி

ஒன்ராறியோவில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை, காசு கட்டவில்லை என்பதற்காக ஒரு வீட்டின் மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது. ஒன்ராறியோ எரிசக்திச் சபையின் இந்தத் தடை 2017 குளிர்காலத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் நம் குடும்பங்களில் பலருக்கு இது தெரியும். தெரிந்திருப்பதே சிலருக்கு வினையாகவும் முடிகிறது. "பனிக்காலத்தில வெட்ட மாட்டாங்கள், பிறகு பாப்பம்" என்று ஹைட்ரோ பில்லை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். துண்டிப்புக்குத்தான் தடை, கடனுக்கு இல்லை. பெரும்பாலான மின் நிறுவனங்கள் நிலுவைக்கு மாதம் 1.5 வீதம் தாமதக் கட்டணம் போடுகின்றன. மாதாமாதம் அது குட்டி போட்டு, வருடத்துக்கு 19.56 வீதமாகிறது. ஐந்தரை மாதக் கடன் அப்படியே திரண்டு நிற்க, மே மாதம் பிறந்ததும் துண்டிப்பு அறிவித்தல் வருகிறது. அப்போதுதான் பலர் உதவி தேடத் தொடங்குகிறார்கள்.

தேடவேண்டிய காலம் அதுவல்ல. உதவிகள் இருக்கின்றன, ஓரளவு தாராளமாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தாமாக வந்து சேர்வதில்லை. கேட்க வேண்டும், அதுவும் முதல் பில் தவறியவுடனே கேட்க வேண்டும்.

நம்மவர்கள் ஏன் கேட்பதில்லை? வெட்கம் ஒரு காரணம். "வந்த நாட்டில ஒருத்தரிட்டையும் கை நீட்டாமல் இருந்திட்டம்" என்று பெருமையோடு சொல்லும் தலைமுறை இது. இரண்டு வேலை செய்து, ஊருக்கும் காசு அனுப்பி, வீட்டுக்கடனும் கட்டியவர்கள். அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். இன்னொரு காரணம் பயம். பெற்றோரை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர்கள், அரசாங்க உதவி எதையாவது தொட்டால் அந்த ஒப்பந்தத்துக்குப் பங்கம் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். பில்லில் கிடைக்கும் கழிவு வெல்ஃபெயர் அல்ல. அது மின்கட்டணத்தில் குறைக்கப்படும் தொகை, அவ்வளவுதான்.

கை நீட்டுவதாக நினைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அவசரகால உதவியான 'லீப்' நிதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒவ்வொரு மின் விநியோக நிறுவனமும் தன் விநியோக வருமானத்தில் 0.12 வீதத்தை, அல்லது 2,000 டொலரை, எது கூடவோ அதை, இதற்கென ஒதுக்குகிறது. அந்த ஒதுக்கீடு விநியோகக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். ஆக, பத்து வருடமாக ஒழுங்காக ஹைட்ரோ பில் கட்டியவர் பத்து வருடமாக இந்த நிதிக்கும் காசு போட்டிருக்கிறார். முடியாத ஒரு வருடத்தில் அதிலிருந்து எடுப்பதில் என்ன வெட்கம்?

முதலில் நாடவேண்டியது லீப் அல்ல. ஓ.ஈ.எஸ்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒன்ராறியோ மின்கட்டண உதவித் திட்டம். 2016 ஜனவரி முதலாம் தேதி தொடங்கிய இத்திட்டத்தில், தகுதி உள்ள வீட்டின் பில்லில் மாதாமாதம் ஒரு தொகை கழிகிறது. வீட்டில் எத்தனை பேர், வரி போக எல்லோருக்கும் சேர்த்து எவ்வளவு வருமானம் என்ற இரண்டையும் பார்த்து, 35 டொலர் முதல் 75 டொலர் வரை. மின்சாரத்தால் வெப்பமூட்டும் வீடுகளுக்கும், ஒக்சிஜன் கருவி, டயாலிசிஸ் இயந்திரம் போன்றவை ஓடும் வீடுகளுக்கும், முதற்குடி மக்களின் வீடுகளுக்கும் அது 52 முதல் 113 டொலர் வரை போகும். சுவரோரம் பேஸ்போர்ட் ஹீற்றர் பூட்டிய பழைய அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே குளிர்கால ஹைட்ரோ பில் எப்படி ஏறும் என்று அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆட்கள் கூடக் கூட கழிவும் கூடுகிறது. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று ஒரே கூரையின் கீழ் வாழும் நம் குடும்பங்களுக்கு இது வாய்ப்பு. கனடாவில் பத்து வருடம் வாழ்ந்து முடிக்காத முதியவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் இல்லை. வருமானம் இல்லாவிட்டாலும் அவர்கள் ஓ.ஈ.எஸ்.பி. கணக்கில் ஓர் ஆள்தான். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்களும் அவர்களே. அவர்களுக்காகத்தான் ஃபர்னஸ் நாள் முழுவதும் ஓடுகிறது.

விண்ணப்பம் தடுக்குப்படும் இடங்கள் சில உண்டு. மின்கணக்கு அந்த வீட்டில் வசிப்பவரின் பெயரில் இருக்க வேண்டும். வேறு நகரத்தில் இருக்கும் மகனின் பெயரில் இருந்தால் சரிவராது. வருமானத்தை வரித் திணைக்களத்தில் சரிபார்க்க வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுச் சம்மதிக்க வேண்டும். அதற்கு எல்லோரும் வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். "எனக்குத்தான் வருமானமே இல்லையே" என்று அப்பா தாக்கல் செய்யாமல் விட்டால், வீட்டு விண்ணப்பமே நின்றுவிடும். ஒருமுறை கிடைத்தால் என்றென்றைக்கும் என்றும் இல்லை. பெரும்பாலானவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். அதை மறந்து கழிவை இழந்த வீடுகள் உண்டு. 2024 மார்ச்சில் வருமான வரம்பு 35 வீதம் வரை உயர்த்தப்பட்டது. அதற்கு முன்னர் 'வருமானம் கூட' என்று மறுக்கப்பட்டவர்கள் இப்போது மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். கொண்டோவில் தனியார் மீற்றர் நிறுவனத்திடம் பில் வாங்குபவர்களுக்கும் இந்தத் திட்டம் பொருந்தும்.

கடன் ஏற்கனவே ஏறிவிட்டதா? அப்போதுதான் லீப். பில் நிலுவையில் இருக்கும், அல்லது துண்டிப்பு அறிவித்தல் கையில் இருக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, வருடத்துக்கு ஒருமுறை, 650 டொலர் வரை. மின்சாரத்தால் வெப்பமூட்டும் வீட்டுக்கு 780 வரை. காஸ் பில்லுக்குத் தனியே 650 வரை. கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை. காசு உங்கள் கைக்கு வராது; நேரே பில்லில் சேரும். இதற்கு மின் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க முடியாது. அந்தந்தப் பகுதிக்கென ஒரு சமூக சேவை அமைப்பு இருக்கும். அவர்களிடம் போக வேண்டும். அந்த அமைப்பு உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதாக நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டால், துண்டிப்பு 21 நாளுக்கு நின்றுவிடும். ஒரு வருடத்துக்கு ஒதுக்கிய நிதி தீர்ந்துபோனால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க நேரும். முந்திப் போவது நல்லது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

லீப் தொகை முழுக் கடனையும் தீர்க்காது. மீதியைத் தவணையில் கட்டக் கேளுங்கள். குறைந்த வருமானக் குடும்பம் என்று உறுதியானவர்களுக்கு, கடனின் அளவைப் பொறுத்து 8, 12 அல்லது 16 மாதத் தவணை கொடுக்க வேண்டும் என்பது எரிசக்திச் சபையின் விதி. முற்பணம் என்று நிறுவனம் கேட்கும் வைப்புத்தொகையையும் தள்ளுபடி செய்யக் கோரலாம். தொலைபேசியில் பேசும் ஊழியர் இதையெல்லாம் தாமாகச் சொல்லாமல் விடக்கூடும். கேளுங்கள்.

பகலில் ஆட்கள் இருக்கும் வீடுகள் கட்டண முறையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். நேரத்துக்கேற்ற கட்டணத்தில், குளிர்காலக் கிழமை நாட்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும்தான் விலை உச்சம். நம் வீடுகளில் மத்தியானக் கறி அடுப்பில் ஏறுவதும் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவிப்பதும் அந்த நேரங்களில்தான். முதியவர்களைப் பார்த்து "ஏழு மணிக்குப் பிறகு சமையுங்கோ" என்று சொல்வதைவிட, படிமுறைக் கட்டணத்துக்கு மாறலாமா என்று கணக்குப் பார்ப்பது மேல். அதில் குளிர்காலத்தில் மாதம் முதல் 1,000 கிலோவாட் மணிக்கு, எந்த நேரமானாலும், ஒரே குறைந்த விலை. மாறுவதற்குக் காசு இல்லை. 2023இல் வந்த இரவு நேரக் கட்டணம் 11 மணிக்குப் பிறகு மிக மலிவு. ஆனால் கிழமை நாட்களில் மாலை 4 முதல் 9 வரை விலை கடுமையாக ஏறும். மின்சார அடுப்பில் சமைக்கும் பெரிய குடும்பம் யோசித்தே அதை எடுக்க வேண்டும்.

இத்தனை உதவிகளும் எட்டாத ஓர் இடம் இருக்கிறது. நிலவறை. புதிதாக வந்தவர்கள், அகதி வழக்கு நடப்பவர்கள், படிக்க வந்த பிள்ளைகள் பலர் வாழ்வது அங்கேதான். மின்கணக்கு மேலே இருக்கும் வீட்டுக்காரரின் பெயரில். வாடகையோடு ஹைட்ரோவும் சேர்த்து, அல்லது பில்லில் முப்பது, நாற்பது வீதம் என்று வாய்ப்பேச்சில். கணக்கு அவர்கள் பெயரில் இல்லாததால் ஓ.ஈ.எஸ்.பி. இல்லை, லீப்பும் இல்லை. மிகவும் தேவைப்படுபவர்களை விட்டுவிட்டுப் போகும் இந்த ஏற்பாடு பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். வாடகைதாரரையும் உள்ளடக்கும் வழியொன்றை மாகாண அரசு காண வேண்டும்.

அதுவரை அவர்களுக்கு இரண்டு பிடிமானங்கள் இருக்கின்றன. ஒன்று, வருமான வரியோடு கேட்கும் எரிசக்தி, சொத்துவரிச் சலுகை. வாடகை கட்டுபவர்களும் இதைக் கோரலாம். வரிப் படிவங்களோடு ஒன்ராறியோ சலுகைப் படிவத்தையும் நிரப்பினால்தான் கிடைக்கும். கிடைப்பது ஒன்ராறியோவின் ரிலியம் கொடுப்பனவோடு சேர்ந்து வரும். வாடகையை ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் விட்டால், பின்னர் திணைக்களம் ஆதாரம் கேட்கும்போது சிக்கல். வங்கி வழியாகக் கட்டுங்கள். இரண்டாவது, வெப்பத்துக்கான உரிமை. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டை 21 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. வாடகைக்கு இருப்பவருடன் தகராறு என்பதற்காக ஹீற்றையோ மின்சாரத்தையோ நிறுத்துவது மாகாணச் சட்டப்படி குற்றம். நிலவறை அனுமதி பெறாததாக இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நகரசபையின் 311க்கு அழைத்து முறையிடலாம்.

குளிருக்குப் பயந்து ஓவனைத் திறந்துவைத்து வீட்டைச் சூடாக்கவோ, கரியடுப்பை உள்ளே கொண்டுவரவோ வேண்டாம். 2013 டிசம்பர் உறைமழைப் புயலில் மின்சாரம் நின்றபோது, கரியடுப்பை உள்ளே கொண்டுவந்தவர்கள் கார்பன் மொனொக்சைட் நச்சேறி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது.

'அரசாங்க உதவித் திட்டம்' என்று சொல்லி வாசல் தட்டுபவர்களிடமும் கவனம் தேவை. வீடு வீடாக வந்து மின்சார, காஸ் ஒப்பந்தம் விற்பது 2017 முதலும், ஃபர்னஸ், சுடுநீர்த் தொட்டி விற்பது 2018 முதலும் தடை. உங்கள் பில்லைக் காட்டச் சொன்னால் காட்டாதீர்கள். காற்றுப் புகும் யன்னலை அடைத்து, சுவருக்கு வெப்பக்காப்புப் போட்டுத்தரும் உண்மையான இலவசத் திட்டங்கள் காஸ் நிறுவனத்திடமும் மாகாண மின்சார அமைப்பிடமும் இருக்கின்றன. அவற்றுக்கு நீங்களே அழைத்து விண்ணப்பிக்க வேண்டும்.

எந்த அமைப்பிடம் போவது என்று தெரியாவிட்டால் 211ஐ அழையுங்கள். கட்டணமில்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழ் வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். கையில் கடைசி ஹைட்ரோ பில்லும் வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டுக் கடிதமும் இருக்கட்டும். உங்களுக்குத் தேவையில்லை என்றால், உங்கள் தெருவில் தனியே இருக்கும் முதியவரின் பில்லை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவருக்காக நீங்கள் அழையுங்கள். ஏப்ரல் 30க்கு முன் அழையுங்கள்.