இழைமாற்றத்தில் பதிவகங்களின் காப்பும் மீட்பும் : ஒரு கலைச்சொல் ஆராய்ச்சி

1. முன்னுரை

ஒற்றைச் செயலி ஒரு கணத்தில் ஒரு கட்டளைத் தொடரையே நிறைவேற்ற வல்லது. எனினும், கணினியின்முன் அமர்ந்திருப்பார்க்குப் பல வேலைகள் உடனிகழ்வனபோலத் தோன்றுகின்றன. இத்தோற்றத்திற்குக் காரணம், செயலி ஒரு வேலையை இடையில் நிறுத்தி, மற்றொன்றைச் சிறிது நடத்தி, மீண்டும் முன்னதற்கே வருதலாம். நிறுத்தப்பட்ட வேலை தான் நிறுத்தப்பட்டதையே அறியாதவாறு தொடர்தல் வேண்டும். அங்ஙனம் தொடரச் செய்வது பதிவகங்களின் காப்பும் மீட்பும் ஆகும்.

இப்பொருளைத் தமிழில் விளக்கப் புகுவார் முதற்கண் எதிர்ப்படும் இடர் சொல்லிடரே. வழங்குகின்ற சொற்களுள் சில பொருளை விளக்குவதற்கு மாறாக மறைக்கின்றன. மாணவர் செயல்முறையை அறியாது சொல்லை மட்டும் மனனம் செய்தற்கு இதுவும் ஒரு காரணம். ஆதலின் செயல்முறையை முதலில் ஆராய்ந்து, அதற்கேற்ற சொற்களைத் துணிதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நூல், இழை, புரி

நிரலின் ஓட்டத்தைக் குறிக்க நூல், இழை, புரி என்னும் மூன்று சொற்கள் வரத்தக்கன. இவற்றுள் எது பொருந்தும்?

நூல் என்னும் சொல் பஞ்சினால் ஆயதையும் சொல்லினால் ஆயதையும் ஒருங்கே உணர்த்தும். தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை முதலியவற்றோடு நூலையும் ஒரு வகையாக எண்ணினார். நன்னூலார் பொதுப்பாயிரத்தில் பஞ்சைச் சொல்லாகவும், இழையைப் பனுவலாகவும், நூற்கும் பெண்ணைப் புலவனாகவும், கையை வாயாகவும், கதிரை மதியாகவும் உருவகம் செய்து, நூல் முடியுமாற்றைக் காட்டினார். அவ்வுருவகத்தில் நூல் என்பது முடிந்த பொருளாய் நிற்கின்றது. இழை என்பது கதிரில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையைக் குறிப்பதாகக் கொள்ளலாம்.

இவ்வேறுபாடு நமக்குப் பெரிதும் பயன்படும். எழுதி முடிக்கப்பட்ட கட்டளைத் தொகுதி நிரல். அது நூலை ஒக்கும். அத்தொகுதியின் வழியே செயலி ஓடுகின்ற ஓட்டம் இழையை ஒக்கும். ஒரு நிரலின்கண் பல இழைகள் ஓடுதல் கூடும். ஆகவே ஓட்டத்தை நூல் என்பது, முடிந்ததன் பெயரை முடியாததற்கு இடுதலாகும். புரி என்பதோ முறுக்கினை உணர்த்துவது. பல புரிகள் ஒன்றாய் முறுகிக் கயிறாதல் போலக் கணினி இழைகள் ஒன்றோடொன்று முறுகுவன அல்ல. எனவே இழை என்பதே தக்க சொல் எனத் துணியலாம். இழை அணிகலனையும் குறிக்கும் என்பது ஆயிழை, சேயிழை முதலிய தொகைச் சொற்களால் தெரியினும், இடம்நோக்கிப் பொருள் விளங்குதலின் மயக்கம் நேராது.

3. ஓர் ஒருபுடை உவமை

திருப்பூர் வட்டாரத்தில் கோடிட்ட பனியன் துணி பின்னும் வட்டப் பின்னல் இயந்திரங்களில் ‘ஸ்டிரைப்பர்’ என்னும் உறுப்பு உண்டு. நூல் ஊட்டப்படும் இடந்தோறும் நான்கு அல்லது ஆறு நிற நூல்கள் காத்திருக்கும். ஒரு நிறத்தின் முறை முடிந்ததும் அந்நூல் அறுக்கப்பட்டு, அதன் நுனி ஒரு கவ்வியில் பிடித்து நிறுத்தப்படும். அதே கணத்தில் அடுத்த நிறம் ஊசிகளுக்கு வழங்கப்படும். முதல் நிறத்தின் முறை மீண்டும் வருங்கால், கவ்வியிலுள்ள நுனியே எடுத்து ஊட்டப்படும். கவ்வி நழுவவிட்ட நூல் தன் முறையில் ஊசியைச் சேராது. துணியில் ஓட்டை விழும்.

ஊசிக்கு முன்னுள்ள இடம் ஒன்று. காத்திருக்கும் நூல்கள் பல. மாற்றத்தின்போது பழையதன் நுனி பிடித்துவைக்கப்படுகின்றது. இம்மூன்றும் செயலிக்கும் பொருந்தும். எனினும் இஃது ஒருபுடை உவமையே. பின்னலில் நூல் அறுபடுகின்றது. கணினியில் இழை அறுபடுவதில்லை. பின்னலில் பிடிக்கவேண்டிய நுனி ஒன்று. கணினியில் பிடிக்கவேண்டியன பல. அப்பலவும் எவை என்பதே இனி ஆராயத்தக்கது.

4. பதிவகங்கள்

செயலியின் உள்ளே, கணக்கிடப்படும் மதிப்புகளை அப்போதைக்கு ஏந்தி நிற்கும் சிற்றிடங்கள் பதிவகங்கள் எனப்படும். நினைவகம் பரந்தது; பதிவகங்களோ மிகச் சில. எல்லா இழைகளும் அச்சிலவற்றையே மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. இடர் தோன்றுவது இங்கேதான்.

எடுத்துக்காட்டாக ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைக் கொள்வோம். இது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் 2010-இல் தொடங்கப்பெற்றது. எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தத் தக்கது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி அவர்கள் தலைமையில் உருவாகிய ‘சக்தி’ செயலிகள் இத்தொகுதியைத் தழுவியவை. அவற்றுள் ஒன்று 2018-இல் சண்டிகரை அடுத்துள்ள அரசு ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் வடிக்கப்பெற்றது. ஆதலின் இத்தொகுதியைக் கற்றல் தமிழ்நாட்டு மாணவர்க்கு வேற்றிடத்துச் செய்தியன்று.

ரிஸ்க்-ஃபைவ் தொகுதியில் முழுஎண் பதிவகங்கள் 32. அவற்றுள் ஒன்று எப்போதும் சுழியத்தையே தரும். அதனைக் காக்க வேண்டுவதில்லை. எஞ்சிய 31-இல், திரும்பவேண்டிய முகவரியைத் தாங்குவது ஆர்.ஏ.; அடுக்கின் முனையைச் சுட்டுவது எஸ்.பி.; நிரல் முழுமைக்கும் பொதுவான ஒரு நிலையைச் சுட்டுவது ஜி.பி.; இழைக்குரிய சுட்டியாக வகுக்கப்பட்டது டி.பி. தற்காலிகக் கணக்கிற்கு உரியன டி0 முதல் டி6 வரை ஏழு. செயற்கூறுகளுக்குத் தரவுகளை ஏந்திச் செல்வன ஏ0 முதல் ஏ7 வரை எட்டு. நிலைத்து நிற்கவேண்டிய மதிப்புகளுக்கு உரியன எஸ்0 முதல் எஸ்11 வரை பன்னிரண்டு.

5. எதனை யார் காப்பது?

ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போது இருவர்க்கும் இடையே ஓர் உடன்பாடு உண்டு. டி, ஏ என்னும் இருவகைப் பதிவகங்களையும் அழைக்கப்பட்டோன் தன் விருப்பம்போல் மாற்றலாம். அவற்றிலுள்ள மதிப்பு பின்னர் வேண்டுமாயின், அழைப்போனே அழைக்குமுன் தன் அடுக்கில் எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். ஆர்.ஏ. பதிவகமும் இவ்வகையினதே. எஸ் வகைப் பதிவகங்களையும் எஸ்.பி.யையும் அழைக்கப்பட்டோன் மாற்றினால், திரும்புமுன் பழைய மதிப்பினை அவற்றில் வைத்தே திரும்பல் வேண்டும்.

இவ்வுடன்பாட்டினை உணர்ந்தார்க்கே இழைமாற்றத்தின் நுட்பம் புலனாகும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயிற்றுதற்பொருட்டு எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்னும் இயக்க முறைமையின் ரிஸ்க்-ஃபைவ் வடிவத்தில், அசெம்பிளி மொழியில் அமைந்த ‘ஸ்விட்ச்’ என்னும் சிறு செயற்கூறு உளது. அது பெறுவன இரண்டு முகவரிகள்: ஏ0-இல் பழைய சூழலை எழுதவேண்டிய இடம், ஏ1-இல் புதிய சூழல் எழுதப்பட்டுள்ள இடம். முதலில் ஆர்.ஏ., எஸ்.பி., எஸ்0 முதல் எஸ்11 வரை ஆகிய 14 பதிவகங்களையும் 14 கட்டளைகளால் பழைய இடத்தில் எழுதுகின்றது. பின்னர் அப்பதினான்கையும் புதிய இடத்தினின்று 14 கட்டளைகளால் ஏற்றுகின்றது. இறுதியில் திரும்புதற்குரிய ஒரு கட்டளை. ஆக 29 கட்டளைகள். ஒவ்வொரு பதிவகமும் 8 பைட்டு ஆதலின் ஒரு சூழல் 112 பைட்டு அளவினது.

ஈண்டு மூன்று ஐயங்கள் எழும். 31 பதிவகங்கள் இருக்க 14 மட்டும் காத்தல் யாங்ஙனம் போதும் என்பது முதலாவது. ‘ஸ்விட்ச்’ தானும் ஒரு செயற்கூறாக அழைக்கப்படுவதால், டி, ஏ வகைகளில் வேண்டப்படுவனவற்றை அழைப்போன் முன்னரே தன் அடுக்கில் எழுதியிருப்பான். அடுக்கு நினைவகத்தில் உள்ளது. அதனை எவரும் அழிப்பதில்லை. எஸ்.பி.யைக் காத்தால் அவ்வடுக்கு முழுவதையும் காத்ததாயிற்று. எனவே எழுதப்படுவது 14 எனினும் காக்கப்படுவது வேண்டிய அனைத்தும் என்க. டி.பி. பதிவகமோ இம்முறைமையின் உட்பகுதியில் எந்தச் செயலிக்கூறு ஓடுகின்றது என்னும் எண்ணைத் தாங்குவது. அஃது இயந்திரத்திற்கு உரியது, இழைக்கு உரியதன்று. ஆதலின் அது மாற்றப்படவில்லை.

இரண்டாவது ஐயம், இழை எவ்விடத்தில் நின்றது என்னும் குறிப்பு யாண்டுக் காக்கப்படுகின்றது என்பது. அக்குறிப்பு ஆர்.ஏ.யில் உளது. ‘ஸ்விட்ச்’ ஒருவனால் அழைக்கப்பட்டு மற்றொருவனிடம் திரும்புகின்றது. ஆர்.ஏ.யில் புதிய சூழலின் முகவரி ஏறிவிட்டமையால், திரும்பும் கட்டளை தன்னை முன்னொருகால் அழைத்து நின்றவனிடமே செல்கின்றது. அழைப்பு ஓர் இழையினது. திரும்புதல் பிறிதோர் இழையினது. இதுவே மாற்றம் நிகழும் இடம்.

மூன்றாவது ஐயம், ஒருமுறையும் ஓடாத புதிய இழைக்குக் காக்கப்பட்ட சூழல் ஏது என்பது. அதற்கு ஒரு சூழல் புனைந்து வைக்கப்படுகின்றது. ஆர்.ஏ.யின் இடத்தில் தொடக்கச் செயற்கூற்றின் முகவரியும், எஸ்.பி.யின் இடத்தில் வெற்றடுக்கின் முனையும் எழுதப்படும். ‘ஸ்விட்ச்’ அதனை வேறுபடுத்தி அறியாது. நிறுத்தப்பட்ட இழை ஒன்றிற்குத் திரும்புவதாகவே கொண்டு செல்லும்.

6. இடைப்பிறவரல்

மேற்கூறியது இழை தானே உடன்பட்டு நிற்கும் நிலை. உடன்பாடின்றி, நேரங்காட்டியின் குறுக்கீட்டால் நிறுத்தப்படும் நிலை வேறு. குறுக்கீடு எந்த இரு கட்டளைகளுக்கு இடையிலும் வரக்கூடும். அப்போது அழைப்போன் எதனையும் எழுதிவைத்திலன். ஏனெனில் அவன் எவரையும் அழைத்திலன். ஆதலின் ஈண்டு 31 பதிவகங்களையும் காத்தல் வேண்டும். அத்துடன் நின்ற கட்டளையின் முகவரியும் தனியே காக்கப்படும், ஆர்.ஏ. அதனைத் தாங்காது. எக்ஸ்வி6 பயனர் நிரலை இடைமறிக்கும்போது இவ்வாறே செய்கின்றது. அதன் பின்னர்த்தான் முற்கூறிய பதினான்கின் மாற்றம் நிகழும்.

இதனைத் தமிழிலக்கண மாணவர்க்கு விளக்க நன்னூலிலேயே ஓர் ஒப்புமை உண்டு. வேற்றுமையுருபும் வினைமுற்றும் எச்சங்களும் தாம் கொண்டு முடியும் பெயர்க்கும் வினைக்கும் இடையில் பிறசொல் வருதலைப் பவணந்தியார் உடன்படுகின்றார். ஆயின் வருவன ஏற்பனவாதல் வேண்டும் என வரையறுக்கின்றார். ‘நூலைக் கடைத்தெருவில் வாங்கினான்’ என்புழி, ‘நூலை’ என்பதற்கும் ‘வாங்கினான்’ என்பதற்கும் இடையே ஒரு சொல் புகுந்தும் இயைபு கெடவில்லை. வந்தது, முன்னின்ற சொல்லின் எதிர்பார்ப்பை அழியாமல் வைத்துச் சென்றது. குறுக்கீட்டு நிரலும் அத்தகையதே. அது வரலாம், வந்து தன் பணியைச் செய்யலாம், ஆயின் செல்லுங்கால் முன்னின்ற தொடரின் முடிபை மாற்றிச் செல்லலாகாது. பவணந்தியாரின் சனகாபுரத்தைப் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் எனக் கொள்வாரும் உளர்; அங்ஙனமாயின் இவ்விதி கொங்குநாட்டு மாணவர்க்கு அணிமையில் தோன்றியதே ஆகும்.

7. வழுவின் இயல்பு

பதினான்கினுள் ஒன்றை, எஸ்3 எனக் கொள்வோம், காவாது விட்டால் நேர்வது யாது? மற்றைய இழை எஸ்3-ஐத் தொடாத வரையில் ஒன்றும் நேராது. தொட்டபோதும், முதல் இழை அம்மதிப்பை மீண்டும் நாடாதாயின் ஒன்றும் நேராது. இரண்டும் ஒருங்கே நிகழுங்கால் மட்டும் பிழை வெளிப்படும். அதுவும் மாற்றம் நிகழ்ந்த இடத்திலன்றி, பின்னர் அம்மதிப்பு பயன்படும் இடத்தில் வெளிப்படும். நூறுமுறை சரியாக ஓடிய நிரல் நூற்றொன்றாம் முறை பிழைபடும். ஆராய்வோன் பிழை தோன்றிய இடத்தையே நோக்கி அயர்வான். ஆதலின் இவ்வகை வழுவைச் சோதனையால் மட்டும் களைதல் அரிது. உடன்பாட்டை முழுதுணர்ந்து எழுதுதலே தக்க காப்பு.

மற்று, எல்லாவற்றையும் எப்போதும் காத்தலே நன்று என்பாரும் உளர். மாற்றம் அடிக்கடி நிகழ்வதாகலின் அது வீண்செலவாம். மிதவைப்புள்ளிப் பதிவகங்கள் வேறு 32 உள. அவற்றை ஓர் இழை தொட்டதா என அறிய, ரிஸ்க்-ஃபைவ் நிலைப்பதிவகத்தில் ஒரு குறிப்பு உளது. அது முடக்கம், தொடக்கம், தூயது, மாசுற்றது என நான்கு நிலைகளைக் காட்டும். மாசுற்றதாயின் மட்டும் எழுதினால் போதும். சிக்கனமும் காவலும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு இது.

8. சொற்றுணிபு

இனிச் சொற்களை வரையறுப்போம். ‘பதிவகங்களைச் சேமித்தல்’ என எழுதுதல் பொருந்தாது. சேமித்தல் என்பது மிகுந்ததை எதிர்காலத்திற்கு ஈட்டிவைத்தல். ஈண்டு மிகுதியும் இல்லை, ஈட்டமும் இல்லை. அழியவிருக்கும் ஒன்றை அழியாது வைத்தலே நிகழ்கின்றது. அதற்குக் காத்தல் என்பதே உரிய சொல். அங்ஙனமே மீட்டும் பழைய இடத்தில் நிறுத்துதற்கு மீட்டல் என்பது பொருந்தும். ‘இழைமாற்றம்’ என்பதில் மாறுவது இழையன்று, செயலியின் நாட்டம் என்பதை ஆசிரியர் சொல்லித்தருதல் வேண்டும். வண்டிமாற்றம் என்புழி வண்டி மாறாது ஏறுவோன் மாறுதல் போல்வது.

இருவகைப் பதிவகங்களை ‘அழைப்போன் காப்பன’, ‘அழைக்கப்பட்டோன் காப்பன’ என்று பெயரிடின் மாணவர் யார் அழைப்போன் எனத் தேடி மயங்குவர். அழைப்பின்பின் நிற்குமா நில்லாதா என்பதே பயன்படும் வேறுபாடு. ஆகவே எஸ் வகையை நிலைப்பன என்றும், டி, ஏ வகைகளை நில்லாதன என்றும் வழங்கலாம். பெயரே விதியை உணர்த்தும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், ஓடுவது இழை, எழுதப்பட்டது நூல் என்பதும், உடன்பட்டு நிற்கும் இழைக்கு நிலைப்பனவும் ஆர்.ஏ., எஸ்.பி. என்பனவும் காத்தல் போதும் என்பதும், குறுக்கீட்டால் நின்ற இழைக்கு அனைத்தும் காத்தல் வேண்டும் என்பதும், சேமித்தல் என்பதினும் காத்தல் என்பதே ஏற்புடைத்து என்பதும் பெறப்பட்டன. கலைச்சொல்லாக்கம் அகராதியை மட்டும் நோக்கிச் செய்யத்தக்க பணி அன்று. செயல்முறையை அறிந்தாரும் சொல்மரபை அறிந்தாரும் ஓரிடத்து இருந்து செய்தற்குரியது அது. நிரலாக்கம் பயிலும் துறையும் தமிழ் பயிலும் துறையும் ஒரே கல்லூரியில் அமைந்துள்ள இடங்கள் இந்நாட்டில் பல. அவ்விரு துறையினரும் ஒருங்கிருந்து ஒரு பாடத்தையேனும் இவ்வாறு ஆராய்ந்து எழுதுவாராயின், மாணவர் சொல்லையும் பொருளையும் ஒருங்கே பெறுவர்.