தொலைத்தொடர்புப் பொறியியலாளரும் நேர்முகப் பரீட்சையும்

பொறியியற் பட்டம் பெற்று வெளியேறும் நம் கல்லூரி மாணவருட் சிலர் தொலைத்தொடர்புக் கம்பனிகளில் உத்தியோகம் பெற விழைகின்றனர். நேர்முகப் பரீட்சைக்குச் செல்லுமுன் அவர்கள் வினவுவது, “எவற்றைப் படித்துச் செல்லல் வேண்டும்?” என்பதேயாம். இவ்வினாவிற்கு விடை கூறுதற்கு முதலில் அப்பொறியியலாளரின் தொழில் யாதென அறிதல் வேண்டும்.

நம் நாட்டில் 1991ஆம் ஆண்டுவரை தொலைத்தொடர்பு அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் பணியாயிருந்தது. ஓர் இணைப்புக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தமையைப் பழைய மாணவர் பலர் மறந்திரார். 1989இற் கையடக்கத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. பின்னர்க் கம்பனிகள் பல தோன்றின. கருவிகளும் பன்முறை மாறின. எனினும், மட்டான வசதியைப் பலருக்கும் போதுமாறு பங்கிடுதல் என்னும் அடிப்படைப் பணி மாறவில்லை.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பரீட்சையிற் கேட்கத்தக்க வினாவும் இதுவே. மாலையில் ஒரு மணி நேரத்துள் ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு 300 அழைப்புக்கள் எழுகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 2 நிமிடம் நீடிக்கின்றது. எத்தனை இணைப்புவழிகள் வேண்டும்? மொத்தப் பேச்சு 600 நிமிடம்; ஒரு வழி ஒரு மணியில் 60 நிமிடம் உழைக்கும்; ஆதலின் 10 வழிகள் போதும் என்று விடை கூறுவோர் உளர். அழைப்பவர் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக வரிசையில் வருவாராயின் இது பொருந்தும். மக்களோ தத்தமக்குத் தோன்றியபொழுதே அழைக்கின்றனர். ஒரு கணத்தில் 4 வழிகளே பயன்படும். மறுகணத்தில் 15 பேர் ஒருங்கே முயல்வர்.

இச்சிக்கலைத் தீர்த்தவர் அக்னர் குராரப் எர்லாங் என்பார். 1878இல் டென்மார்க்கிற் பிறந்த இவர் பள்ளிக்கூடங்களிற் கற்பித்த கணித அறிஞர். கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியின் பொறியியலாளரும் கணிதத்தில் வல்லவருமான யோகான் யென்சன் என்பாருடன் கணிதச் சங்கத்திலேற்பட்ட பழக்கம், இவரை 1908இல் அக்கம்பனிக்குக் கொணர்ந்தது. தொலைபேசி அழைப்புக்களை நிகழ்தகவுக் கணிதத்தால் ஆராய்ந்து 1909இல் ஒரு கட்டுரையும், இன்றும் வழங்கும் சூத்திரங்களை 1917இலும் வெளியிட்டார். 1946 முதல் தொலைபேசிப் போக்குவரத்தின் அலகு அவர் பெயரால் எர்லாங் எனப்படுகின்றது. மேற்கூறிய ஊரின் போக்குவரத்து 10 எர்லாங் ஆகும்.

அவர் சூத்திரத்தின்படி 10 வழிகள் மட்டும் அமைப்பின் நூற்றுக்கு 21 அழைப்புக்கள் இணைப்பின்றித் திரும்பும். நூற்றுக்கு ஒன்றினும் குறையத் திரும்பவேண்டுமாயின் 18 வழிகள் வேண்டும். போக்குவரத்து இருமடங்காகி 20 எர்லாங் ஆயின் 36 வேண்டுமோ எனின், வேண்டா, 30 போதும். பலர் கூடிப் பகிருந்தோறும் வீண் குறைகின்றது. இன்று பேச்சும் படமும் சிறு பொதிகளாகச் செல்வதாற் கணக்கு விரிந்துள்ளது, கருத்து அதுவே.

வழிகள் மிகின் செலவு வாடிக்கையாளர் தலையில் விழும். குறையின் வைத்தியரை அழைக்கும் தாய்க்கு இணைப்புக் கிடையாது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையின் பின் உறவினரைத் தேடி யாவரும் ஒருங்கே அழைத்தபோது பேச்சிணைப்பு அரிதாயிற்று. சிறிதளவே இடங்கொள்ளும் குறுஞ்செய்திகள் சென்றடைந்தன. சாதாரண நாளுக்கென அமைந்த கணக்கு அசாதாரண நாளிற் பிழைக்கும் என்பதைப் பொறியியலாளர் நினைவிலிருத்தல் வேண்டும்.

பிறிதொருவகை வினா பழுது பற்றியது. “ஒரு பகுதியிற் கையடக்கத் தொலைபேசிகள் யாவும் நின்றுவிட்டன, எங்ஙனம் தொடங்குவீர்?” என்பர். உடனே ஒரு கருவியின் பெயரைக் கூறி அதனை மாற்றுவோம் என்பது தக்க விடையன்று. எப்பொழுது நின்றது, ஒரு கோபுரமா பலவா, மின்சாரம் உண்டா, மின்கலங்கள் ஓய்ந்தனவா, கோபுரத்தை மையநிலையத்தோடு இணைக்கும் கம்பி அறுந்ததா என ஒவ்வொன்றாக விலக்கிச் செல்லல் வேண்டும். பல கோபுரங்கள் ஒரே நேரத்தில் நின்றனவாயின், அவற்றிற்குப் பொதுவானதையே முதலில் ஐயுறுதல் முறையாம். பழுது நேரங் குறித்து வருவதன்று. நள்ளிரவிலும் மழையிலும் இம்முறை தவறாதவரே தொழிலுக்கு வேண்டப்படுவர்.

ஆதலின் மாணவர்காள், சூத்திரங்களை மனனஞ் செய்வதோடு அமையாது அவை எந்நிபந்தனையிற் பொருந்தும் என்பதையும் கற்பீராக. வினா தெளிவில்லையாயின் விளக்கம் கேட்பீராக. ஊகித்தவற்றை ஊகமென்றே கூறுவீராக. அறியாததை அறியேன் என்பதற்கு நாணற்க. பரீட்சகர் நாடுவது, நாளை ஓர் ஊரின் தொலைபேசிகளை நம்பி ஒப்படைக்கத்தக்க ஒருவரையேயாம்.