பழுப்பு ஏரியின் அடியில் யார் பிழைக்கிறார்கள்?

வடக்கு ஸ்வீடனின் ஊசியிலைக் காடுகளுக்குள் சிறு ஏரிகள் ஏராளம். ஒன்றில் ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரியும். இன்னொன்றில் ஆளுயரத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. தண்ணீர் அப்படியொரு பழுப்பு. அது அழுக்கும் இல்லை, கலங்கிய சேறும் இல்லை. காட்டுத் தரையிலும் சதுப்பிலும் மட்கிய இலை தழைகளின் சாரம், மழையோடும் உருகும் பனியோடும் வந்து ஏரியில் கலந்திருக்கிறது. இதற்குக் கரைந்த கரிமப் பொருள் என்று பெயர். நுண்ணிய வடிதாளில் ஊற்றினாலும் நீரோடு சேர்ந்தே இறங்கிவிடும்.

லிட்டருக்கு 10 மில்லிகிராம் கார்பன் கரைந்திருந்தாலே ஏரி நன்றாகப் பழுப்பாகிவிடும். மொட்டைமாடியில் நிற்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் சேரும் எடை அவ்வளவுதான்.

காட்டின் சத்து இப்படி வந்து சேர்ந்தால், ஏரியின் அடியில் வாழும் நத்தைகளுக்கும் பூச்சிகளின் லார்வாக்களுக்கும் விருந்துதானே? பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. கரைந்த கார்பனைப் பாக்டீரியா தின்ன வேண்டும், பாக்டீரியாவை வேறு நுண்ணுயிர்கள் தின்ன வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பகுதி மூச்சாகவே வெளியேறிவிடும். அடியில் வாழும் பிராணிகளுக்கு நல்ல உணவு, கல்லிலும் சேற்றிலும் மெல்லிய படலமாக வளரும் நுண்பாசி. அதற்கு வெயில் வேண்டும். பழுப்பு மூலக்கூறுகளோ நீல ஒளியையும் புற ஊதாக் கதிரையும் மேலேயே விழுங்கிவிடுகின்றன. பாசி கரையோரமாக ஒதுங்குகிறது. அதை மேய்பவையும் குறைகின்றன. அவற்றைத் தின்னும் பெர்ச் மீனும் குறைகிறது. ஸ்வீடனின் யான் கார்ல்சன் குழு 2009-இல் 'நேச்சர்' இதழில் இதைக் காட்டியது. சத்துக் குறைந்த ஏரிகளில் விளைச்சலைக் கட்டுப்படுத்துவது உரச்சத்து என்றே அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். வெளிச்சம்தான் என்றது அந்த ஆய்வு.

நிழலோடு மூச்சுமுட்டலும் வருகிறது. பழுப்பு நீர் வெயிலின் சூட்டையும் மேலேயே பிடித்துக்கொள்வதால், கோடையில் மெல்லிய, வெதுவெதுப்பான நீரடுக்கு ஒன்று குளிர்ந்த நீரின்மேல் மிதக்கிறது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. அடியில் பாக்டீரியா மட்கவைக்கும் வேலையைத் தொடர, ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே போகிறது.

அங்கும் ஒரு ஜீவன் தாக்குப்பிடிக்கிறது. கொசுவின் சாயலில் இருந்தும் கடிக்காத கைரோனோமஸ் பூச்சியின் லார்வா அது. வண்ணமீன் கடைகளில் 'பிளட் வார்ம்' என்று விற்பது இதைத்தான். நிறம் ரத்தச் சிவப்பு. காரணம், நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின். ஆக்சிஜன் மிகச் சொற்பமாக இருந்தாலும் அது இறுகப் பற்றிக்கொள்ளும். சேற்றுக்குள் இரு வாயும் மேலே திறந்த வளைவான குழாய் ஒன்றைக் கட்டி, உள்ளே உடலை நெளித்து நெளித்து மேல்நீரை இறைக்கிறது இந்தப் புழு.

அந்தக் குழாயில்தான் எனக்கு மிகப் பிடித்த அதிசயம் நடக்கிறது. ஆக்சிஜன் இல்லாத ஆழ்சேற்றில் மட்கும் பொருளிலிருந்து மீத்தேன் வாயு பிறக்கிறது. புழு இறைக்கும் ஆக்சிஜனும் மீத்தேனும் குழாயின் சுவரில் சந்திக்கின்றன. அங்கே மீத்தேனையே உண்டு வாழும் பாக்டீரியா செழிக்கிறது. புழு அதைத் தின்கிறது! சேற்றில் பிறந்த மீத்தேனில் கார்பன்-13 என்னும் கனமான கார்பன் மிகக் குறைவு. அந்தக் குறைவு புழுவின் உடலிலும் அப்படியே பதிந்திருப்பதை ரோஜர் ஜோன்ஸ், ஜோனதன் கிரே போன்ற ஆய்வாளர்கள் அளந்து கண்டார்கள். சில ஏரிகளில் புழுவின் கார்பனில் பாதிக்கு மேல் மீத்தேன் வழி வந்தது. வெளிச்சமே எட்டாத இடத்தில் வாயுவிலிருந்து ஓர் உடல்!

வடக்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல ஏரிகள் கடந்த சில பத்தாண்டுகளில் மேலும் பழுப்பாகியிருக்கின்றன. முக்கியக் காரணம் நல்ல செய்திதான்: ஆலைப் புகையிலிருந்த கந்தகம் குறைந்து, அமில மழை தணிந்தது. அமிலம் குறைந்த மண்ணிலிருந்து கரிமப் பொருள் எளிதாகக் கரைந்து வருகிறது என்று 2007-இல் டான் மான்டீத் குழு விளக்கியது. எல்லா ஏரிக்கும் இதனால் ஒரே விளைவு இல்லை. கண்ணாடி போன்ற ஏரியில் சிறிதளவு பழுப்பு, கூடவே பாஸ்பரஸ் என்னும் உரச்சத்தைக் கொண்டுவரும். புற ஊதாக் கதிரையும் தடுக்கும். அடிவாழ் பிராணிகளுக்கு அது உதவியாகவும் அமையலாம். ஏற்கெனவே பழுப்பான ஏரியில் லிட்டருக்கு இன்னும் சில மில்லிகிராம் கூடினால், நுண்பாசிக்கு மிச்சமிருக்கும் கரையோரப் பட்டையும் சுருங்கும்.