கடலுக்குக் காது கொடுத்த சுவர்கள்

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில், டஞ்சனெஸ் முனைக்கு அருகே, கூழாங்கல் பரப்பின் நடுவில் மூன்று பெரிய கான்கிரீட் கட்டுமானங்கள் நிற்கின்றன. இரண்டு, கிண்ணம்போலக் குழிந்தவை. ஒன்றின் விட்டம் 20 அடி, மற்றதன் விட்டம் 30 அடி. மூன்றாவது, 200 அடி நீளத்துக்கு வளைந்து செல்லும் சுவர். 1928 முதல் 1930 வரை கட்டப்பட்ட இந்த ‘ஒலிக் கண்ணாடி’களுக்கு ஒரே வேலைதான்: எதிரி விமானம் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் இரைச்சலைப் பிடிப்பது.

முதல் உலகப் போர் கற்றுத்தந்த பாடம் இது. 1915-லிருந்து ஜெர்மனியின் செப்பலின் வான்கப்பல்கள் இரவில் வந்து லண்டன்மீது குண்டு போட்டன. 1917-ல் கோத்தா விமானங்கள் பட்டப்பகலிலேயே வந்தன. இருட்டிலும் மேகத்திலும் கண் உதவாது. காதைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

குழிந்த பரப்பில் மோதும் ஒலி ஓரிடத்தில் குவியும். அங்கே ஒரு குழாயை மெல்ல நகர்த்தி, இரைச்சல் எங்கே உரக்கக் கேட்கிறதோ அதை வைத்து விமானத்தின் திசையைக் கணித்தார்கள். இந்த ஆய்வுகளை நடத்திய வில்லியம் டக்கர், போர்க்காலத்திலேயே ஒரு நுட்பமான மைக்கை உருவாக்கியிருந்தார். மின்சாரத்தால் சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பிமீது தாழ்ந்த ஒலியின் காற்றசைவு பட்டால் கம்பி குளிரும், அதன் மின்தடை மாறும். காதுக்கு எட்டாத முழக்கத்தைக்கூட அது பிடித்துவிடும். அபாரமான கைவண்ணம்!

ஆனால் விமானங்களின் வேகம் கூடிக்கொண்டே போனது. 30 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கே ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்தின் ஒலியை அந்தத் தொலைவில் பிடித்தால், அது வந்து சேர இன்னும் பத்து நிமிடம்போல இருக்கும். வேகம் 400 ஆனால் மிஞ்சுவது மூன்றே நிமிடம். அதற்குள் போர் விமானம் எழும்பி, உயரம் பிடித்து, எதிரியை மறிக்க முடியாது.

1935 பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரிக்கு அருகே ராபர்ட் வாட்சன்-வாட்டும் அர்னால்ட் வில்கின்ஸும் புது வழி காட்டினார்கள். பிபிசியின் வானொலி அலைகள் ஒரு ஹேஃபோர்ட் விமானத்தில் பட்டுத் திரும்பியதை 13 கிலோமீட்டர் தொலைவுவரை அவர்களின் கருவி காட்டியது. ரேடார் பிறந்தது; கான்கிரீட் சுவர்கள் கைவிடப்பட்டன.

காதுகளுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. 1940-ல் பிரிட்டனின் கரையோர ரேடார்கள் கடலை நோக்கியே பார்த்தன. கரையைத் தாண்டி உள்ளே நுழைந்த விமானத்தை அவற்றால் தொடர முடியவில்லை. அந்தப் பொறுப்பு அப்சர்வர் கோர் என்ற கண்காணிப்புப் படையுடையது. 1917-ல் லண்டனின் வான்பாதுகாப்பை ஏற்ற தளபதி எட்வர்ட் ஆஷ்மோர், காவல்முனைகளையும் தொலைபேசியையும் வரைபட மேசையையும் இணைத்து ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார். அவரே 1925-ல் தொடங்கிய படை இது. சாதாரணக் குடிமக்களான அதன் உறுப்பினர்கள் வயல்வெளிக் காவல்முனைகளில் முறை வைத்து நின்று, வானத்தைப் பார்த்தும் இன்ஜின் ஒலியைக் கேட்டும் விமானத்தின் திசையையும் எண்ணிக்கையையும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.