சங்கிலியும் சாஸ்திரமும்

பரீட்சை முடிவுகள் வெளியான வாரத்தில் ஒரு நாள் மாலை, என் பழைய மாணவி ஒருத்தி தன் தகப்பனாரை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அழைத்துக்கொண்டு வந்தாள் என்று எழுதினாலும், உண்மையில் தகப்பனார்தான் அவளைக் கையோடு கூட்டி வந்திருந்தார். கோர்ட்டு வாசலில் சாட்சி சொல்ல வந்தவரைப் போல இருந்தது அவர் முகம்.

"ஸார், நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். உருப்படியாக ஏதாவது படிக்கச் சொல்லுங்கள். சைக்காலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பைத்தியக்காரர்களோடு பழகுகிற படிப்பு ஒரு பெண்ணுக்கு எதற்கு? நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

பெண் தலையைக் குனிந்தபடியே, "அது பைத்தியத்தைப் பற்றிய படிப்பு இல்லை, அப்பா. மனசைப் பற்றிய படிப்பு" என்றாள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. இராமநாதபுரத்தில் வாத்தியார் வேலை பார்க்கும் நான், இருபது வருஷங்களுக்கு முன்பு சென்னையில் அதே படிப்பைப் படித்துப் பட்டம் வாங்கியவன். அன்று அவர்களுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். இதே விவாதம் நம்மவர் பல வீடுகளில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது அல்லவா?

மனோதத்துவம் என்றும், இக்காலத்தில் உளவியல் என்றும் சொல்லப்படும் இந்தச் சாஸ்திரம் சோதனைச் சாலைக்குள் புகுந்தது 1879-ஆம் ஆண்டில். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்துச் சர்வகலாசாலையில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் அதைத் தொடங்கினார். நம் தேசம் இதில் வெகுவாகப் பின்தங்கிவிடவில்லை. அந்நிய ஆட்சி நடந்த காலத்திலேயே, 1916-இல், கல்கத்தா சர்வகலாசாலையில் மனோதத்துவத்துக்கென்று தனித் துறை ஏற்பட்டது. அதை நடத்தியவர் அமெரிக்காவின் ஹார்வர்டில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா. அதே நகரில் கிரீந்திரசேகர போஸ் 1922-இல் மனப் பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். வியன்னாவிலிருந்த பிராய்டுக்குக் கடிதம் எழுதி, கருத்து வேறுபட்ட இடத்தில் தயங்காமல் வாதாடியவர் அவர். மைசூரில் 1924-இல் துறையைத் தொடங்கிய கோபாலசுவாமி, பிற்பாடு தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தையும் ஆரம்பித்தார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அங்கே வழங்கியதுதான். சென்னைச் சர்வகலாசாலையில் 1943-இல் டாக்டர் போவாஸ் தலைமையில் துறை அமைந்தது.

இவ்வளவு பெருமையும் தெரியாமல்தான் நான் சென்னைக்கு ரயில் ஏறினேன். பிறர் மனத்தில் ஓடுவதைக் கண்டுபிடிக்கும் வித்தை ஏதோ கற்றுத் தருவார்கள் என்று எண்ணியிருந்தேன். ஊரிலும் அப்படித்தான் எண்ணினார்கள். முதல் விடுமுறையில் வந்தபோது என் அத்தை, "நான் இப்போது என்ன நினைக்கிறேன், சொல்லு பார்ப்போம்" என்றாள். "காபி போடலாமா என்று நினைக்கிறீர்கள்" என்றேன். அது சாஸ்திரத்தினால் தெரிந்ததல்ல. மணி நான்கு ஆகியிருந்தது.

முதல் வருஷம் சோதனைச் சாலையில் என் முன்னால் ஒரு நிலைக்கண்ணாடியையும் நட்சத்திரப் படம் ஒன்றையும் வைத்தார்கள். கையையும் காகிதத்தையும் நேரே பார்க்கலாகாது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு இழுக்க வேண்டும். பென்சில் வலப்பக்கம் போகவேண்டிய இடத்தில் இடப்பக்கம் போயிற்று. பக்கத்தில் ஒருவன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரத்தையும் தவறுகளையும் குறித்தான். பத்து முறை செய்த பிறகு கை தானாகவே பழகிவிட்டது. கற்றல் என்பது என்ன, பழக்கம் எப்படி ஏற்படுகிறது என்பதைப் பத்துப் பக்கம் படித்ததைக் காட்டிலும் அந்தக் கோணல் நட்சத்திரங்களில் தெளிவாக அறிந்தேன்.

மற்றொரு நாள், சம நீளமுள்ள இரண்டு கோடுகளைக் காட்டினார்கள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறிகள் உள்நோக்கி மடங்கியிருந்தன. மற்றதில் வெளிநோக்கி விரிந்திருந்தன. விரிந்த கோடே நீளம் என்று வகுப்பு முழுவதும் சத்தியம் செய்தது. அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகும் கண் ஒப்பவில்லை. ஆனால் எல்லா ஜனங்களும் இதில் ஒரே அளவு ஏமாறுவதில்லையாம். ரிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞர், 1898-இல் டாரஸ் ஜலசந்தித் தீவுகளிலும், பின்னர் நம் நீலகிரித் தோடர்களிடையேயும் இதைச் சோதித்தார். இங்கிலாந்துக்காரர்களை விட அவர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். வளர்ந்த இடமும் பழகிய காட்சிகளும் நம் கண்ணையே வடிவமைக்கின்றன என்பது எவ்வளவு பெரிய பாடம்! நாம் கண்ணால் கண்டது மெய் என்று அடித்துச் சொல்லுமுன் ஒரு கணம் நிதானிக்க வேண்டும் என்பதே இந்தப் படிப்பின் முதல் உபதேசம்.

பிறகு ஞாபகம், உணர்ச்சி, குழந்தை வளர்ச்சி, கூட்டத்தில் மனிதன் நடந்துகொள்ளும் விதம், மூளையின் அமைப்பு எல்லாம் வந்தன. இவற்றோடு புள்ளியியலும் உண்டு. கணக்குக்குப் பயந்து இந்தப் படிப்பில் ஒளிந்துகொள்ள நினைக்கும் பிள்ளைகள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டு வருஷம் முடிந்து, 2001 மே மாத விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். அப்போது கடற்கரைக் கிராமத்திலிருந்து நாட்டுப்படகுக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, மனசைப் பற்றிப் படிக்கிறீர்களாமே. என் மகன் ஒரு வருஷமாகத் தனியே பேசுகிறான். ராத்திரி எழுந்து கடலுக்குள் நடக்கிறான். வேறு வழி இல்லாமல் காலில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறோம். உங்கள் படிப்பு இதற்கு என்ன சொல்கிறது?"

நான் பிராய்டைப் பற்றிச் சொன்னேன். நனவிலி மனம் என்றேன். அரை மணி நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, ஏர்வாடியிலே கொண்டு போய் விடலாம் என்று இருக்கிறோம்" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஏர்வாடி தர்கா எல்லா மதத்தாரும் நம்பிக்கையோடு வந்து தங்கும் இடம். மனநோயாளிகளை அழைத்து வருகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அதன் சுற்றுப்புறத்தில் தனியார் நடத்திய விடுதிகள் பல முளைத்திருந்தன. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் அவற்றில் ஒன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் மாண்டார்கள்.

சென்னையில் விடுதி வராந்தாவில் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்றும் நினைவிருக்கிறது. படகுக்காரரின் மகன் அங்கே இருந்தானா, இல்லையா? மூன்று நாட்கள் எனக்குத் தெரியவில்லை. அவன் வேறொரு விடுதியில் இருந்தான். செய்தி கேட்ட அன்றே தகப்பனார் ஓடிப்போய் அவனை மீட்டு வந்துவிட்டார். அவன் பிழைத்ததற்கும் என் படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அந்தச் சாம்பலிலிருந்து சில நன்மைகள் விளைந்தன. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று தடுத்தது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசி உதவி நடந்து வருகிறது.

நம்பிக்கையும் சாஸ்திரமும் பகையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கும் சான்று உண்டு. பெங்களூர் தேசிய மனநல நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் அவர் தோழர்களும், தமிழ் நாட்டுக் கோவில் ஒன்றில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரம் தங்கியதில் நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அமைதியான, ஆதரவான இடமே ஓரளவு மருந்தாகிறது என்று அவர்கள் கருதினார்கள். கோவிலை இகழாமலும், கண்ணை மூடி வணங்கிவிட்டுப் போகாமலும், உட்கார்ந்து அளந்து பார்த்தார்களே, அதுதான் மனோதத்துவம் கற்றுத்தரும் பண்பு.

பெற்றோர்கள் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்று வருஷப் பட்டம் ஒருவரைச் சிகிச்சை செய்யத் தகுதியுள்ளவராக்காது. மருந்து எழுதித் தருகிறவர் மருத்துவக் கல்லூரியில் படித்து, அதன்பின் மனநோய் வைத்தியத்தில் தேர்ந்த டாக்டர். மருத்துவ மனோதத்துவ நிபுணர் ஆவதற்கு மேற்பட்டமும், தனிப் பயிற்சியும், இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்சிலில் பதிவும் வேண்டும். வீட்டிலிருந்தபடியே தபாலில் படித்துவிடலாம் என்ற எண்ணமும் இனிப் பலிக்காது. 2025-ஆம் ஆண்டு முதல் உளவியலைத் தொலைக்கல்வியாக நடத்தலாகாதென்று பல்கலைக்கழக மானியக் குழு தடுத்துவிட்டது. ஆனாலும் மூன்று வருஷத்தோடு நிற்பவர்களுக்கும் நஷ்டமில்லை. நானே ஒரு வாத்தியார். சோம்பேறி என்று எல்லாராலும் தள்ளப்பட்ட பையன், எழுத்தைக் கண் பிரித்தறிய முடியாமல் தவிக்கிறான் என்று சந்தேகிக்க அந்தப் படிப்புத்தான் கற்றுக்கொடுத்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெண், "ஸார், அன்றைக்கு அந்தப் படகுக்காரருக்கு நீங்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷங்களாக நானே என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது.

"சொல்லியிருக்கவே கூடாது, அம்மா. கேட்டிருக்க வேண்டும். பையன் எத்தனை நாளாகத் தூங்கவில்லை, சாப்பிடுகிறானா, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டிருக்க வேண்டும். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு, இது எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் போவோம் என்று சொல்லி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரோடு பஸ் ஏறியிருக்க வேண்டும்."

அந்தப் பையனை மதுரைக்கு அழைத்துப் போனது பின்னால் நடந்தது. இன்று அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். கரையில் உட்கார்ந்து வலை செப்பனிடுகிறான். காலில் சங்கிலித் தழும்பு மட்டும் இருக்கிறது.

தகப்பனார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டவர், வாசற்படியில் நின்று திரும்பினார்.

"ஸார், சென்னையில் பெண்களுக்கு நல்ல விடுதி இருக்கிறதா?" என்று கேட்டார்.