இம்பால் நகரில் பேஸ்பால்: தொடக்க வரலாறு

பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டம் அமெரிக்காவின் ஆட்டம். கிரிக்கெட்டில் ஊறிய இந்தியாவில் அதற்குப் பெரிய இடம் கிடைத்ததில்லை. அதற்கு விதிவிலக்கான சில ஊர்களுள் மணிப்பூரின் தலைநகரான இம்பால் குறிப்பிடத்தக்கது. பர்மிய எல்லையிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 110 கி.மீ. தொலைவில், நாற்புறமும் மலை சூழ்ந்த சமவெளியில் இருக்கும் இந்நகருக்கு இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஆட்டம் வந்து சேர்ந்தது. இன்றும் அங்கே ஆண்களும் பெண்களும் இதை ஆடுகிறார்கள்.

கோலும் பந்தும்

பேஸ்பால் வருவதற்கு முன்பே இம்பால் உலகுக்கு ஓர் ஆட்டத்தைக் கொடுத்திருந்தது. மணிப்பூரின் மெய்தெய் மக்கள் குதிரைமேல் அமர்ந்து நீண்ட கோலால் பந்தை அடித்து ஆடுவது சகோல் காங்ஜெய். அணிக்கு எழுவர். மெய்தெய் மொழியில் சகோல் என்றால் குதிரை. 1850களில் மணிப்பூரை ஒட்டிய கச்சார் பகுதியில் குடியேறியிருந்த மணிப்பூரிகள் இதை ஆடக் கண்ட ஆங்கிலேய அதிகாரி ஜோசப் ஷெரரும் அவருடைய நண்பர்களும் தாங்களும் ஆடத் தொடங்கினர். 1859இல் சில்சாரில் ஒரு கழகம் உருவானது. 1862இல் கல்கத்தாவில் போலோ கழகம் அமைந்தது. சில ஆண்டுகளில் ஆட்டம் இங்கிலாந்தை எட்டியது. ஆட்டத்தை வெளியுலகம் எடுத்துக்கொண்டது மணிப்பூரிடமிருந்து. ஆனால் அதற்கு நிலைத்த ‘போலோ’ என்ற பெயரோ பால்டிஸ்தான் மொழியிலிருந்து வந்தது. இம்பாலின் நடுவிலுள்ள மாபல் காங்ஜெய்புங் என்ற திடலில் இன்றும் சகோல் காங்ஜெய் ஆடப்படுகிறது.

குதிரையின்றித் தரையில் நின்று கோலால் பந்தடிக்கும் முக்னா காங்ஜெய் என்ற ஆட்டமும் அங்கே உண்டு. இதில் மற்போரும் கலந்திருக்கும். கையில் தடியோடு பந்தைத் துரத்தும் பழக்கம் மணிப்பூரிகளுக்குப் பழையது என்பதை மனத்தில் கொண்டால், பேஸ்பால் அங்கே அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம் விளங்கும்.

போர் வந்த பாதை

1942இன் தொடக்கத்தில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்த இந்தியர்கள் இலட்சக்கணக்கில் மலைகளைக் கடந்து கால்நடையாகத் தப்பி வந்தனர். அவர்களில் தமிழர்கள் ஏராளம். தாமு, பலேல் வழியாக இம்பாலை அடையும் பாதை அவர்கள் நடந்த பாதைகளுள் ஒன்று. (1960களில் பர்மாவிலிருந்து வெளியேற நேர்ந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் அதே பாதையிலுள்ள மோரே என்ற எல்லை ஊரில் தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் இன்றும் உள்ளன.) 1942 மே 10 அன்று இம்பால் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின.

அடுத்த ஈராண்டுகளில் அந்தச் சிறு சமவெளியில் ஆறு விமானத் தளங்கள் எழுந்தன. அவற்றுள் துலிஹால் இன்று இம்பாலின் பன்னாட்டு விமான நிலையம். கொய்ரெங்கெய் பழைய ஓடுதளமாக எஞ்சியிருக்கிறது. 1944 மார்ச்சில் ஜப்பானியப் படை இம்பாலை நோக்கிப் பாய்ந்தது. மலாயாத் தமிழர்கள் பலர் சேர்ந்திருந்த இந்திய தேசிய இராணுவமும் அப்படையுடன் வந்து, சமவெளியின் தென்பகுதியிலுள்ள மொய்ராங்கை எட்டியது. மார்ச் இறுதியில் கோஹிமா சாலை துண்டிக்கப்பட்டது. ஜூன் 22 அன்று சாலை மீண்டும் திறக்கப்படும் வரை, ஏறத்தாழ 1,50,000 பேர் கொண்ட படைக்கு அரிசி முதல் வெடிகுண்டு வரை எல்லாமே வானிலிருந்துதான் வந்தன.

இந்த வான்வழிப் பாலத்தை பிரிட்டிஷ் விமானங்களோடு அமெரிக்க விமானங்களும் தாங்கின. சீனாவுக்கு இமயத்தின் மேலாகச் சரக்கு ஏற்றிச் சென்ற சி-46 கமாண்டோ வகை விமானங்களில் சில இதற்காகத் திருப்பிவிடப்பட்டன. காயமுற்றவர்களை ஏற்றிச்செல்லும் வண்டிகளை ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களும் இம்பாலில் இருந்தனர்.

ஆட்டம் இறங்கிய விதம்

அமெரிக்க விமானப்படையினர் ஓய்வு நேரத்தில் ஓடுதளங்களின் அருகே பேஸ்பால் ஆடினர். வேடிக்கை பார்த்த உள்ளூர் இளைஞர்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டனர் என்பதே இம்பாலில் சொல்லப்படும் வரலாறு. வாய்மொழியாக வருவதானாலும் இது காலத்தோடும் இடத்தோடும் நன்கு பொருந்துகிறது. போர்க்காலத்திலும் பேஸ்பால் தொடர வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1942 ஜனவரியில் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. வெளிநாட்டில் இருந்த அமெரிக்க வீரர்களுக்கு மட்டையும் பந்தும் கையுறையும் அனுப்பப்பட்டன. அவை கப்பலேறிப் போன இடமெல்லாம் ஆட்டமும் போயிற்று.

போலோ வெளியே போனதையும் பேஸ்பால் உள்ளே வந்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பொருத்தம். இரண்டையும் சுமந்தவர்கள் படைவீரர்களே. ஆனால் போலோவுக்குக் கழகம் அமைந்தது. ஆண்டும் பெயரும் எழுத்தில் நின்றன. பேஸ்பாலைக் கொண்டுவந்தவர்களோ போர் முடிந்ததும் விமானம் ஏறிவிட்டார்கள். ஆட்டத்தை நினைவில் வைத்திருந்தது ஊர்தான்.

போருக்குப் பிந்தைய நிலை

இந்தியாவில் பேஸ்பாலுக்கு அமைப்பு வடிவம் பிறகுதான் கிடைத்தது. தேசியக் கூட்டமைப்பு 1983இல் உருவானது. அதற்குள் மணிப்பூரின் நிலை மாறியிருந்தது. 1972இல் அது மாநிலமானது. 1980 முதல் மாநிலம் முழுவதும் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆயுதக் குழுக்கள், சோதனைச் சாவடிகள், முழு அடைப்புகள், போதைப்பொருளும் எச்.ஐ.வி.யும் இவற்றுக்கு நடுவே வளர்ந்த தலைமுறையே மட்டையை எடுத்தது. மாலையில் திடலுக்குப் போய்த் திரும்புவதே எளிதாக இல்லாத காலம் அது.

2006இல் நியூயார்க்கைச் சேர்ந்த ‘ஃபர்ஸ்ட் பிட்ச்’ என்ற தொண்டு முயற்சியின் வழியாக, அமெரிக்காவின் மேஜர் லீக் அமைப்பு அனுப்பிய பயிற்சியாளர்கள் இருவர் இம்பாலுக்கு வந்து உள்ளூர்ப் பயிற்சியாளர்களுக்குப் பாடம் எடுத்தனர். இதை மையமாகக் கொண்டு மிர்ரா பேங்க் இயக்கிய ‘தி ஒன்லி ரியல் கேம்’ ஆவணப்படம் 2013இல் வெளியானது. படத்தின் பெயர், புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத் 1947இல் ஆற்றிய உரையில் பேஸ்பாலைக் குறிப்பிட்ட சொற்களிலிருந்து எடுக்கப்பட்டது. படத்தில் பெண் ஆட்டக்காரர்களுக்கும் இடமுண்டு.

இந்தியாவில் பேஸ்பால் என்றதும் பலர் நினைப்பது வேறொரு கதையை: 2008இல் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றின் வழியே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஒப்பந்தம் பெற்ற உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகியோரின் கதை. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ (2014) படம் அதைப் பரப்பியது. அவ்விருவரும் ஈட்டி எறிதலிலிருந்து வந்தவர்கள். போட்டிக்கு முன் பேஸ்பால் ஆடியதில்லை. மணிப்பூரிலோ ஆட்டத்தை யாரும் தேடி வராத காலத்திலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பேஸ்பால் களம் பெரிது. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 90 அடி. பந்து எறிபவர் நிற்கும் இடத்திலிருந்து மட்டையாளருக்கு 60 அடி 6 அங்குலம். ஆவணப்படம் எடுக்கப்பட்ட காலத்தில் இம்பாலில் இதற்கெனத் தனித் திடல் இல்லை. வேறு ஆட்டங்களுக்கான திடல்களிலேயே தளங்களைப் பரப்பி ஆடினார்கள்.